வண்டல் மண்ணில் ஒரு கல் கிடைத்தால்: காவிரிப் படுகையில் புதைபடிவமும் பழங்கல்லும் தேடத் தொடங்குபவருக்கு

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்பார்கள். எங்கள் பக்கத்துக்கு முதல் பாதி மட்டும் போதும். பாபநாசத்தில் இறங்கி வலங்கைமான், நீடாமங்கலம் என்று வரப்பு வரப்பாக நடந்து பாருங்கள். நாய் நிறைய வரும், எறிய ஒரு கல் கிடைக்காது. குனிந்து எடுத்தால் மண்ணாங்கட்டிதான். கிணறு வெட்டினாலும் களி, மணல், மறுபடி களி. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர்களுக்கும் இதே கதைதான். அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து இழுத்து வரப்பட்டது.

கல் தேடுபவருக்கு இது குறையாகத் தோன்றும். எனக்கு இதுதான் வசதி. மலையோரத்து ஊரில் லட்சம் கல்லுக்கு நடுவே ஒரு கற்கருவியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே வயலில் உள்ளங்கை அளவு கல் கிடந்தாலே அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆறு உருட்டி வந்ததா, லாரி கொட்டியதா, யாராவது தூக்கி வந்ததா? இந்த மூன்று கேள்வியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். "இது என்ன கல்?" என்று அப்புறம் கேட்கலாம்.

எந்தப் பக்கம் போவது

படுகையின் நடுவில் புதைபடிவம், அதாவது கல்லாகிப்போன பழைய உயிர், தேடிப் போகாதீர்கள். கல்லணை தாண்டிய பிறகு ஆறு கொண்டு வருவது மணலும் வண்டலும்தான். புதைபடிவத்துக்குக் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும். பழைய கற்கருவிக்குத் தென்மேற்கே வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு. மனிதர் செதுக்கிய கல்லுக்கு மட்டும் நடுப்படுகை முழுக்க இடம்தான்.

வடக்கே இருப்பது அரியலூர், பெரம்பலூர் பகுதி. ஏறத்தாழ 10 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு வரை கடல் அங்கே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அந்தக் கடலடிச் சேறும் சிப்பியும் சுண்ணாம்பும் இறுகித்தான் இன்று சிமென்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல். 1862இல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பாறைகளை வகைப்படுத்தி எழுதினார்; அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வந்து போகிறார்கள். முதல் முறை போகிறவர் பார்க்க வேண்டியவை மூன்று. காரை கிராமத்துக்கு அருகே மழை அரித்து அரித்துப் பள்ளத்தாக்காய்க் கிடக்கும் களிமண் வெளி. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படிவம். கை அகலத்துக்குத் தடித்த சிப்பிகளை அடுக்கி வைத்தது போல இருக்கும். சாத்தனூர் கல்மரம்; 18 மீட்டருக்கு மேல் நீளம், 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. காட்டில் வளர்ந்த மரம் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, கடலடி மண்ணில் புதைந்து கல்லாகியிருக்கிறது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக அரியலூர் போகிறவர்களுக்குப் போகிற வழிதான். ஒரு மணி நேரம் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தவர் கண்ணும் பார்க்காதவர் கண்ணும் வேறு வேறு. நான் அதைச் செய்யாமல் நேராகக் காரைக்குப் போய், வெயிலில் நாலு மணி நேரம் சுற்றி, ஒரு பை நிறைய ஜிப்சம் பொறுக்கிக்கொண்டு வந்தவன்.

அந்தப் பகுதியில் ஓடும் மருதையாறு கடைசியில் கொள்ளிடத்தில்தான் விழுகிறது. ஆக, கொள்ளிடக் கரையில் ஒரு சிப்பிக்கல் கிடைத்தால் ஆறு கொண்டுவந்தது என்று நினைக்க இடமுண்டு. ஆனால் லாரியையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ரோடு போட ஒருமுறை கிராவல் கொட்டினார்கள். அதில் கல்லான சிப்பி இரண்டு இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதை எடுத்து "நம்ம தெரு ஒரு காலத்துல கடலா இருந்துச்சு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தான். கடலாக இருந்தது தெரு அல்ல, லாரி புறப்பட்ட ஊர்.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பார்கள். அந்த இடைவெளிதான் நமக்குக் காலம். வாய்க்கால் வறண்டு கிடக்கும், குளம் தூர்வாருவார்கள், கோடை உழவு நடக்கும். உழுத வயலில் உடனே போவதைவிட, உழுத பிறகு ஒரு கோடை மழை பெய்யட்டும். மழை மண்ணைக் கழுவி, கல்லையும் பானை ஓட்டுத் துண்டையும் மேலே காட்டிவிடும். காலை ஏழு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது நடந்தால் இன்னும் நல்லது. நிழல் கல்லைக் காட்டிக்கொடுக்கும். தூர்வாரிய வண்டலை வயலில் கொட்டிப் பரப்பியிருந்தால் அதையும் ஒரு சுற்று பாருங்கள்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான்: ஒரு நோட்டு, பென்சில் (பேனா வேர்வையில் அழியும்), ஆறு அங்குல ஸ்கேல், பழைய பல்துலக்கி, ஒரு சின்னக் காந்தம், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ். இடத்தைக் குறிக்க செல்போன் போதும். சுத்தியலும் மண்வெட்டியும் வேண்டாம். தோண்டுவது நம் வேலையில்லை. மேலே கிடப்பதைப் பார்ப்பது மட்டும்தான். வயலுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். "பூச்சி பார்க்க வந்தேன்" என்று பொய் சொன்னால் மறுநாள் ஊரே புதையல் என்று பேசும். சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் போகவே போகாதீர்கள். குத்தகைக்காரர் இடம் என்பது ஒன்று, வெடி வைக்கும் இடம் என்பது இன்னொன்று.

புதைபடிவமா என்று பார்ப்பது

வைணவர் வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கருங்கல்லுக்குள் சக்கரம் போலத் தெரிவது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு. அரியலூர்ப் பக்கம் கிடைப்பதும் அம்மோனைட்தான், நிறம் மட்டும் மண்ணிறம் அல்லது பழுப்பு. சுருள் வட்டமாக இருக்கும், வெளிவிளிம்பில் சீப்புப் பல் போல வரிகள், உடைந்த பக்கத்தில் அறை அறையாகத் தடுப்பு. மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். துப்பாக்கிக் குண்டு போல நீண்டு கூராகக் கிடப்பது பெலம்னைட் என்ற கடல் உயிரியின் மிச்சம். குறுக்கே உடைந்த முகத்தில் நடுவிலிருந்து சக்கர ஆரம் போலக் கோடுகள் ஓடும். தடித்த, வளைந்த சிப்பிகள் கிளி மூக்குப் போல இருக்கும். கல்மரத்துக்கு ஆண்டு வளையமும் நார் ஓட்டமும் தெரியும், ஆனால் தண்ணீரில் போட்டால் மூழ்கும், கத்தியால் கீறினால் கீறல் விழாது.

இனி ஏமாற்றுகிறவை. இவைதான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

படுகையில் முதலிடம் சுக்கான்கல்லுக்கு. மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு கரைந்து மறுபடி இறுகி உருண்டையாக, முடிச்சாக, சில நேரம் அப்படியே விரல் எலும்பு போலத் திரளும். வேரைச் சுற்றித் திரண்டால் நடுவில் ஓட்டையும் இருக்கும். எலும்பு என்று சத்தியம் செய்வீர்கள். உடைந்த சில்லு ஒன்றைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். உள்ளே எலும்புக்குரிய தேன்கூட்டு அமைப்பு இருக்காது.

காரையில் வெள்ளையாக, நார் நாராக, கண்ணாடி போல மின்னுவது ஜிப்சம். நகத்தாலேயே கீறலாம். நான் ஒரு பை பொறுக்கியது இதைத்தான். சுண்ணாம்புக்கல்லின் மேல் கறுப்பாகப் பாசி படர்ந்த மாதிரி, செடி மாதிரிக் கிளைத்திருப்பது பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு வரைந்த கோலம். செடியே இல்லை.

உருண்டையாக இருந்தால் டைனோசர் முட்டை என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரியில் தூர்வாரும்போது பெரிய பெரிய உருண்டைகள் வந்தன, முட்டை என்று செல்போன் செல்போனாகப் படம் பறந்தது. நிலவியலாளர்கள் பார்த்துவிட்டு, கடல் உயிரியைச் சுற்றித் திரண்ட படிவு உருண்டை என்றார்கள். இத்தனைக்கும் அரியலூரில் டைனோசர் இல்லாமல் இல்லை; கல்லமேட்டில் எலும்புகள் கிடைத்து, 1987இல் ஒரு பேருருவ டைனோசருக்குப் பெயரே வைத்தார்கள். உண்மையான செய்தி இருக்கும்போது பொய்ச் செய்திக்குத்தான் கூட்டம் சேர்கிறது.

நடுப்படுகையில் கறுப்பாக, கனமாக, குமிழ் குமிழாக ஓட்டை விழுந்த கட்டி கிடைத்தால் விண்கல் என்று கொண்டாடாதீர்கள். இரும்பு உருக்கிய சிட்டம் அது. காந்தமும் சில நேரம் ஒட்டும். பழைய உலை இருந்த இடம் என்றால் அதுவும் குறிக்கத் தக்க செய்திதான், விண்கல்லைவிடப் பயனுள்ளது என்றுகூடச் சொல்வேன். வேதாரண்யம் பக்கத்து மணல் மேடுகளில் கடலுக்குத் தள்ளிக் கிடைக்கும் சிப்பிகள் பழைய கடற்கரையைக் காட்டுபவை. ஆனால் அவை இன்னும் கல்லாகவில்லை, சிப்பி சிப்பியாகவே இருக்கிறது.

மனிதர் கை பட்ட கல்லா

1863 மே மாதம் 30ஆம் தேதி, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான் என்று படித்ததிலிருந்து, எனக்கும் ஒன்று கிடைக்காதா என்று ஆசை. ஒருநாள் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் நீலக்கறுப்புக் கல், மூன்று பக்கமும் சில்லு தெறித்த கூர் முனை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தொல்லியல் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதை எங்க எடுத்தீங்க?"

"பாபநாசம் தாண்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்து வயல்லங்க ஐயா."

"தண்டவாளத்துக்குப் பக்கத்துலயா" என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டுக் கல்லை என் கையில் வைத்தார். ரயில்வே ஜல்லி.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இது. சோடா பாட்டிலின் தடித்த அடிப்பாகம் உடைந்தால், உடைந்த முகத்தில் சிப்பியின் உள்பக்கம் போல அலை அலையாக வளைவு தெரியும். கல்லை ஒரு புள்ளியில் அடித்துச் சில்லு பெயர்த்தாலும் அப்படித்தான்: அடி விழுந்த இடம் ஒன்று, அதற்குக் கீழே சின்னப் புடைப்பு, அதிலிருந்து விரியும் அலை. ஒரு சில்லு தற்செயலாகவும் பெயரும். ஒரே விளிம்பை ஒட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஐந்தாறு பெயர்ந்திருந்தால்தான் கை வேலை. பழைய கருவியின் விளிம்பு மழுங்கி, மேல்தோல் நிறம் மாறி இருக்கும். கிரஷரில் உடைந்த ஜல்லியில் முனை இன்னும் கையைக் கிழிக்கும், நிறம் உள்ளும் புறமும் ஒன்றே. நம் மாநிலத்துப் பழைய கற்காலக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினக் கல். நீலக் கருங்கல் என்றால் முதலில் ரோட்டையும் தண்டவாளத்தையும் நினையுங்கள். வல்லம் பக்கத்தில் கண்ணாடி போன்ற பளிங்குக் கல் (சலவைக்கல் அல்ல, படிகம்) இயற்கையாகவே கிடைக்கும். ஒரு காலத்தில் அதைத் தேய்த்துத்தான் தஞ்சாவூரில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். ஆகவே அங்கே ஒரு பளிங்குச் சில்லைப் பார்த்ததும் துள்ள வேண்டாம்.

அடுத்தது புதிய கற்காலத்து வழவழப்பான கைக்கோடரி. இதற்கு நம் படுகையிலேயே பேர்போன உதாரணம் இருக்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன் கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் வாழை, தென்னை வைக்கக் குழி வெட்டியபோது அப்படிப்பட்ட கோடரிகள் இரண்டு வந்தன. ஒன்றில் நான்கு குறிகள். அவை சிந்துவெளி எழுத்தே என்றார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் இன்னும் இருக்கிறது. நமக்கு வேண்டிய பாடம் வேறு. கல்லே இல்லாத ஊரில் மண்ணுக்குள்ளிருந்து வந்த கல்லை அவர் வரப்போரம் எறியாமல் எடுத்து வைத்து, உரியவர்களுக்குத் தெரிவித்தார்.

வடிவம் பழகிவிட்டால் தவறாது. ஏறத்தாழ முக்கோணம், ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்று வாயாகியிருக்கும். குறுக்கே பார்த்தால் இரண்டு பக்கமும் புடைத்த பாதாம் பருப்பு. வாய்ப் பக்கம் கண்ணாடி போல வழவழக்கும், பிடிப் பக்கம் கொத்திய சொரசொரப்பு மிஞ்சியிருக்கும். உடைந்த அம்மிக் குழவியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு; குழவி உருளை, அதற்கு வாய் கிடையாது.

எனக்குக் கிடைத்த ஒரே கைக்கோடரி வயலில் கிடைக்கவில்லை. நாச்சியார்கோயில் பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போனேன். தாழ்வாரத்தில் ஊறுகாய் ஜாடி, வாயில் துணி கட்டி, மேலே பாரமாக ஒரு கரும்பச்சைக் கல். லென்ஸை எடுத்ததும் அந்த வீட்டு ஆயா சிரித்துவிட்டார்.

"அது எங்க மாமியா வச்சிருந்தது தம்பி. நான் கல்யாணமாயி வந்தப்பவே ஜாடி மேலதான் கெடந்துச்சு."

"அவங்களுக்கு எங்க கிடைச்சுதுன்னு சொன்னாங்களா ஆயா?"

"ஏதோ கொல்லையிலன்னு சொல்லுவாங்க. எந்தக் கொல்லைன்னு அவங்களைத்தான் கேக்கணும்."

அவரைக் கேட்க முடியாது. கிடைத்த இடம் தெரிந்திருந்தால் அந்த மண்ணைத் தொல்லியல் துறை பார்த்திருக்கும். இடம் போனதும் அது வெறும் அழகான கல்லாகிவிட்டது. நோட்டில் முதல் வரியாக இடத்தை எழுதச் சொல்வது இதனால்தான்.

செதுக்கிய கற்கள்

இவற்றைப் பார்ப்பது எளிது, படிப்பது கடினம். வரப்போரம் சூலம் பொறித்த கல் நின்றால் அது சிவன் கோயில் நிலத்தின் எல்லை, சூலக்கல் என்பார்கள். சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம், திருவாழிக்கல். மூன்று குடை அடுக்கியிருந்தால் சமணப் பள்ளிக்கு விட்ட நிலம், முக்குடைக்கல். குளத்துக்குள் ஓட்டை போட்ட பலகைக்கல் நின்றால் பழைய குமிழித் தூம்பாக, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகாக, இருக்கலாம். தலையில்லாமல் சம்மணமிட்ட சிலையை எல்லோரும் முனி என்றுதான் சொல்வார்கள். இடத்தோளில் ஆடை மடிப்புத் தெரிந்தால் புத்தர். ஆடையே இல்லாமல், தலை இருந்த இடத்துக்கு மேல் முக்குடை இருந்தால் சமணத் தீர்த்தங்கரர். தலை மிஞ்சியிருந்து உச்சியில் தீச்சுடர் போல எழுந்தால் அதுவும் புத்தரே. வழிபாட்டில் இருந்தால் ஊர் வைத்த பெயரிலேயே பேசுங்கள், திருத்தப் போகாதீர்கள்.

கல் பழையதா என்பதற்கு ஒரு சின்ன உதவி: உடைத்த விளிம்பைப் பாருங்கள். வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால் ஆப்பு வைத்துப் பிளந்தது, பழைய முறை. மேலிருந்து கீழே அரைக்குழாய் போல நீண்ட தடம் இருந்தால் டிரில் போட்டது, நம் காலத்தது.

எழுத்து தெரிந்தால் சாக்பீஸ், சுண்ணாம்பு, மாவு எதையும் தடவாதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்க்கவே கூடாது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்தது வரி வரியாக எழுந்து நிற்கும்.

கிடைத்த பிறகு

எடுப்பதற்கு முன்னால், கிடக்கிறபடியே ஸ்கேல் வைத்து ஒரு படம். பிறகு நிமிர்ந்து, பின்னால் மரமோ கோபுரமோ தெரியும்படி இன்னொன்று. நோட்டில் என் பதிவு இப்படி இருக்கும்: "கல் 14. தேதி. ஊர், வயல்காரர் சொல்லும் வயல் பெயர், வாய்க்காலிலிருந்து 30 அடி கிழக்கே. உழுத மேல்மண். கூடவே கறுப்பு சிவப்புப் பானை ஓட்டுத் துண்டு மூன்று, அப்படியே விட்டேன். நீளம் 9 செ.மீ. யாரும் கொட்டிய மண்ணா என்று கேட்டேன், இல்லை என்றார்." கடைசி வரிதான் முக்கியம். பானை ஓட்டுத் துண்டு கிடைத்தால் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். நான் ஒருமுறை பைப்படியில் வைத்து நன்றாகத் தேய்த்து, கீறல் குறியோடு சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், அங்கிருந்து தாசில்தார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை போன்றவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. பூம்புகார், கங்கைகொண்ட சோழபுரம், சாத்தனூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு ஓட்டுத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். "என்ன விலை போகும்?" என்று கேட்டு வருகிற அன்பான ஆசாமிகளிடம் இடத்தைச் சொல்லாதீர்கள், படத்தில் ஊர் அடையாளம் தெரியப் பொதுவில் போடவும் வேண்டாம்.

யாரிடம் காட்டுவது? தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. திருச்சியிலும் நாகப்பட்டினத்திலும் அரசு அருங்காட்சியகம், பூம்புகாரிலும் தரங்கம்பாடிக் கோட்டையிலும் அகழ்வைப்பகம். முதல் முறை போகும்போது கல்லைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், படத்தையும் நோட்டையும் கொண்டுபோங்கள். பத்தில் ஒன்பது முறை பதில் "சுக்கான்கல்" என்றுதான் வரும். பழகிக்கொள்ள வேண்டும்.

ஊறுகாய் ஜாடிக் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஆயா கடைசியில் ஒப்புக்கொண்டார். அதற்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. பேரன் கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கி எல்லாம் முடிந்த பிறகு ஆயாவுக்கு ஒரே கவலை: "அப்ப ஜாடிக்கு எதை வைக்கிறது தம்பி?"

வீட்டு அலமாரியில் துணியில் சுற்றியபடியே கிடந்த ரயில்வே ஜல்லியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எடை கொஞ்சம் குறைவு என்றார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.